தொம்மைக்கு எந்தச் சட்டை?

எங்கள் உப்பாற்றுக் காலனியில் கபடி அட்டைகள் மூச்சுவிடத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பூசை முடிந்து ஆளாளுக்குக் கறிக்கடைக்கும் மீன் ஏலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் என்பதால், அதை முதலில் கண்டுபிடித்த ஆல்பர்ட் கொரேரா மாடியில் நின்று கத்திய கத்தலை யாரும் நின்று கேட்கவில்லை. காதில் விழுந்த ஒன்றிரண்டு பேரும், அட்டையில் கைரேகை பட்டதற்காக மனுஷன் வழக்கம்போல மனைவியைத் திட்டுகிறார் என்று நினைத்து நடையைக் கட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவரவர் அலமாரியைத் திறந்து பார்த்த பிறகுதான், காலனி முழுக்க இதே சங்கதி என்று தெரிந்தது. அட்டைக்கு மாட்டியிருந்த கண்ணாடித்தாள் உறையின் உட்புறத்தில், ஆட்டக்காரனின் மூக்குக்கு நேராக, மிளகளவுக்கு ஒரு வெண்மூட்டம் படர்ந்தது, மறைந்தது, மறுபடி படர்ந்தது.

இந்த அட்டைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாங்களெல்லாம் அரைக்கால் சட்டையும் பாவாடையுமாகத் திரிந்த காலத்தில் டும்டும் பபிள்கம் என்று ஒரு கம்பெனி இருந்தது. கிரிக்கெட்காரர்களின் படத்தைப் போடுகிற வசதி அதற்கு இல்லை. அதனால் எங்கள் துறைமுகத்து நங்கூரம் அணியையும், உள்நாட்டுச் செம்மண் பூமியிலிருந்து வருகிற தேரிக்காட்டு அணியையும் போட்டோ பிடித்து, பபிள்கம்முக்கு ஓர் அட்டை என்று உள்ளே வைத்து விற்றது. பபிள்கம் மெல்ல மெல்லக் கல்லாகி, தாடை வலித்து, பிள்ளைகள் வாங்குவதை விட்டார்கள்; கம்பெனியும் போன இடம் தெரியவில்லை. அட்டைகள் மட்டும் தங்கிவிட்டன. நாங்கள் வளர்ந்தோம், துறைமுகத்திலும் மின்வாரியத்திலும் வேலைக்குப் போனோம், கல்யாணம் செய்தோம், சர்க்கரையும் கொதிப்பும் சேர்த்துக்கொண்டோம், ஆனாலும் அட்டைகளை விடவில்லை. விடாததோடு அதற்கு ஒரு சங்கமும் வைத்து, பங்குக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து சண்டையும் போட்டோம்.

சண்டை எப்போதும் உறையைப் பற்றித்தான். உறை என்றால் தபாலுக்குப் போடுவது, கவர் என்றால் கத்தரிக்காய்க்குக் கொடுப்பது, ஆகவே எங்கள் சங்கத்தில் அதற்குச் சட்டை என்று பெயர். கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருக்கும் கொரேரா கெட்டிச் சட்டைக் கட்சி. முதலில் மெல்லிய சட்டை, அதன் மேல் வளையாத பிளாஸ்டிக்கில் கெட்டிச் சட்டை, அதன் வாயில் ஒரு துண்டு டேப், பிறகு எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் நிற்க வைத்து, செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை இடையிடையே செருக வேண்டும் என்பார். மின்வாரியத்து இசக்கிமுத்துவோ மெல்லிய சட்டைக் கட்சி. அட்டையை ஆல்பத்தில் அறை அறையாகப் போட்டு வைத்தால்தானே எடுத்துப் பார்க்க முடியும், பார்க்காத பொருளை வைத்திருப்பதும் வைத்திருக்காததும் ஒன்றுதானே என்பார். பேன்சி ஸ்டோரில் தொங்கும் வழவழத்த கவர்களை இரண்டு கட்சிக்கும் ஆகாது, ஏனென்றால் மழைக்காலம் வந்தால் அது எண்ணெய் கக்கி மையோடு ஒட்டிக்கொள்ளும். இருவரும் ஒத்துப்போன விஷயம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மூச்சு வந்த பிறகு இந்தச் சண்டைக்குப் புது ருசி வந்துவிட்டது. அதுவரை அட்டைக்குத் தூசி படாமல் பார்த்தால் போதும் என்று இருந்தவர்கள், உள்ளே இருக்கிற ஆளுக்குப் புழுங்குமே என்று கவலைப்பட வேண்டியதாயிற்று. ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்தவர்களின் அட்டைக் கட்டின் அடியில் கிடந்தவன் முகம் சிவந்து போயிருந்தான். பட்டுச்சேலைக்கு நடுவே வைத்த வீட்டில் பாச்சை உருண்டை நெடியில் தேரிக்காட்டு அணியின் தடுப்பாட்டக்காரன் கிறங்கிக் கண் சொருகியிருந்தான். ஆல்பத்தில் இரண்டு அணிக்காரர்களையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டிருந்த ஒருவர் மூடிய ஆல்பத்தைத் திறந்தால் தாள் முழுக்க நீர் கோத்திருந்தது. பழைய பகையில் ஒருவர் முகத்தில் ஒருவர் சீறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மிளகாய் வறுத்தால் அட்டைகளுக்குப் புகை ஏறியது. சிகரெட் பிடிக்கிறவர்களைப் பெண்கள் தெருவுக்குத் துரத்தினார்கள், இத்தனை வருஷமாகத் தங்கள் பொருட்டு ஒருநாளும் போகாதவர்கள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு போனதை மனத்தில் குறித்தும் வைத்துக்கொண்டார்கள்.

சுகாதார ஆய்வாளர் வந்து, சட்டைக்குள் நிற்கும் துளிகளில் கொசு முட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, இந்த வயசுக்கு நல்ல நுரையீரல் என்றார். இவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா என்று கேட்கப் போனவர்களிடம் பங்குச் சாமியார், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இரண்டாம் தடவை கிடையாது, தேரிக்காட்டுக்காரர்களை அவர்கள் கோயிலில் போய்க் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஏன் மூச்சு வந்தது, எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்கள் காலனியில் தண்ணீர் லாரி ஏன் வந்தது என்று கேட்டால் அடுத்த தடவை வராது, அந்தப் பழக்கம்.

இப்படி எல்லோரும் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டபோது செசிலி மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ரெடிமேட் துணிக்கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் செசிலியின் கணவர் தொம்மைதான் நங்கூரம் அணியின் பாடகர். பாடகர் என்றால் எதிரணியின் எல்லைக்குள் மூச்சுவிடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்புகிறவர். தொம்மை பாடத் தொடங்கினால் எதிரணி டீ குடித்துவிட்டு வரலாம் என்பார்கள், அவ்வளவு நீளமான மூச்சு. அந்த மூச்சு கல்யாணமான புதிதிலேயே மஞ்சள் காமாலையில் நின்றுபோனது. அடக்கத்தன்று அணிக்காரர்களும் ரசிகர்களும் ஆளுக்கொரு பிடி மண் போடுவதற்குப் பதிலாக ஆளுக்கொரு தொம்மை அட்டையைப் பெட்டிக்குள் போட்டார்கள். அழுகிற ஆவேசத்தில் யாருக்கும் பின்யோசனை இல்லை, காலனியில் இருந்த தொம்மைகள் எல்லாம் தொம்மையோடு போய்விட்டார்கள். அம்மை போட்டு வீட்டுக்குள் படுத்திருந்த கொரேராவிடம் மட்டும் ஒன்று மிஞ்சியது. அதிலும் தொம்மை நடுக்கோட்டைத் தாண்டி எதிரி எல்லைக்குள் ஒரு காலை நீட்டிப் பாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பிடித்த படம்.

மூச்சு வந்த அன்று சாயங்காலமே செசிலி கொரேரா வீட்டு மாடி ஏறி வந்தார். கொரேரா கையுறை போட்டுக்கொண்டு அட்டையை எடுத்து மேஜையில் சாய்த்து வைத்தார். செசிலி எதிரே உட்கார்ந்து, படரும் மூட்டத்தையும் மறையும் மூட்டத்தையும் பார்த்துக்கொண்டேயிருந்தார். அழுவார் என்று எதிர்பார்த்துக் கொரேராவின் மனைவி ரெஜினா காப்பியோடு நின்றிருந்தார். செசிலி அழவில்லை.

"அவிய மூச்சு கொஞ்சம் வேகமா இருக்குல்லாண்ணே?" என்றார்.

"மாடி ஏறி வந்தது நீ தாயீ. வேகம் உனக்கு" என்றார் கொரேரா.

அன்றிலிருந்து தினமும் வந்தார். தையல் மிஷினை மூடிவிட்டு, முகம் கழுவிப் பவுடர் போட்டு, சில நாள் பூவும் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காலனி கேலி செய்யாமல் இருக்குமா? புருஷன் இருபத்தாறு வயசு, பெண்டாட்டிக்கு ஐம்பத்தைந்து, பவுடரை இன்னும் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லுங்கள் என்றார்கள். செசிலிக்கும் அது தெரியும். அவர் சிரித்துக்கொண்டே மாடி ஏறினார். தனியாகப் படுத்து எழுந்த இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் சந்தோஷமாக இருந்தார், அதை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆடி மாசக் காற்று அடிக்கத் தொடங்கிய சமயத்தில் கொரேராவின் மகளுக்குத் திருச்சியில் பிரசவம் என்று தகவல் வந்தது. ரெஜினாவோடு கிளம்பிய கொரேரா, பெற்ற மகளின் கல்யாணத்தன்றுகூட அப்படிக் கலங்காதவர், தொம்மை அட்டையை இரண்டு கையாலும் செசிலியிடம் கொடுத்தார். வெயிலில் வைக்காதே, தரையில் கிடத்தாதே, எண்ணெய்க் கையால் தொடாதே, ஜன்னலோரம் வேண்டாம், பீரோவும் வேண்டாம், பாச்சை உருண்டை பக்கத்திலேயே வரக்கூடாது, பொட்டலம் நமத்துப் போனால் மாற்று என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். சொன்னதையெல்லாம் செசிலி செய்தார். சொல்லாத ஒன்றையும் செய்தார்.

உப்புக் காற்று வீசுகிற ஊரில் சட்டைக்குள் ஈரம் கோப்பது இயல்பு. டேப் ஒட்டிய வாயையும் மீறி எப்படியோ உள்ளே புகுந்த ஈரத்தில் தொம்மையின் தோள்மேல் துளி நின்றது. செசிலி இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மனுஷனுக்குச் சளி பிடித்தால் யார் பார்ப்பது? எங்கள் காலனியில் நனையக்கூடாத பொருளுக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு. ரேஷன் கார்டு, ஞானஸ்நான சர்டிபிகேட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கேஸ் புத்தகத்தின் முதல் பக்கம், அந்தோணியார் படம், தொம்மையின் இறப்புச் சான்றிதழ் எல்லாமே அப்படித்தான் செசிலியின் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. வெள்ளம் வந்து வீட்டையே புரட்டிய வருஷத்திலும் அவற்றில் ஓர் எழுத்து அழியவில்லை. ஆகவே காலையில் எழுந்து, அட்டையை இரண்டு சட்டையிலிருந்தும் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

"எக்கா, இது மூச்சு விடுதுல்லா. லேமினேஷன் போடவா?" என்றாள் கடைக்காரப் பெண் ஷீபா.

"ரேஷன் கார்டுக்குப் போட்டா மாதிரி கெட்டியா போடு. ஒரு பொட்டுத் தண்ணி உள்ள போவக் கூடாது" என்றார் செசிலி.

மிஷின் சூடாகி, அட்டை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பளபளவென்று வந்தது. அவ்வளவு அழகாக இருந்தது, கண் திருஷ்டி படும் என்று செசிலி முந்தானையால் மூடிக்கொண்டார். பாதி வழி நடந்த பிறகுதான் முந்தானைக்குள்ளிருந்து தேனீ ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. காதருகே வைத்துக் கேட்டார். கபடி கபடி கபடி கபடி என்று உள்ளே தொம்மை பாடிக்கொண்டிருந்தார்.

காற்று இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட பாடகன் வேறு என்ன செய்வான்? தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். செசிலி நின்ற இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காலனி கூடிவிட்டது. கூடிய கூட்டம் அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிக் காதில் வைத்துக் கேட்டது, கேட்டவர்கள் எல்லோரும் தங்களையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் பிரியும் என்றார் ஒருவர், உள்ளே இருக்கிற ஆள் வெந்துபோவான் என்றார் இன்னொருவர். ஓரத்தை வெட்டினால் காற்று போகும், ஆனால் லேமினேஷன் அட்டையோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது, உரிக்கும்போது படமும் சேர்ந்து வந்துவிடும் என்றாள் ஷீபா அழுதுகொண்டே. இசக்கிமுத்து கொரேராவுக்குப் போன் போட்டார்.

கொரேரா போனில், "வெட்டாதிய. உலகத்துலயே அது ஒண்ணுதான்" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது. "பாட்டு இன்னும் கேக்குதா?"

"கேக்குது. ஆனா சுதி இறங்குது" என்றார் இசக்கிமுத்து.

செசிலி யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. ஜாக்கெட் வெட்டுகிற கத்தரியை எடுத்து, ஓரமாக ஒரே வெட்டு வெட்டினார். நகத்தைக் கொடுத்து உரித்தார். ஒரு மூலை மடங்கி, மேல்பக்கத்தில் வானத்தின் நீலம் கொஞ்சம் பிளாஸ்டிக்கோடு போயிற்று. உரித்து முடிப்பதற்குச் சற்று முன்னால் பாட்டு நின்றது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். மைதானம் இருந்தது, நடுக்கோடு இருந்தது, தேரிக்காட்டு எல்லைக்குள் ஒரு குதிகால் அழுத்திய தடம்கூட இருந்தது. தொம்மை இல்லை.

அதன் பிறகு காலனி துக்கம் கொண்டாடிய விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் எங்களுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷனுக்கு இரண்டு தடவை அடக்கப் பூசை உண்டா என்று தெரியாமல் கோயில்பிள்ளை மணியை ஒரு தடவை அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அட்டை வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஆல்பங்களைப் புரட்டி, தொம்மை யாராவது ஒருவரின் சட்டைக்குள் ஒதுங்கியிருக்கிறாரா என்று தேடினார்கள். செசிலியின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பெண்கள் சுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு, குடிக்காமல் ஆறிய காப்பியைத் திரும்ப எடுத்து வந்தார்கள். "முதல்ல காமாலை கொண்டுபோச்சு, யாரையும் குத்தம் சொல்ல முடியல. இப்ப நானே போட்டு மூடிட்டேனே" என்று அவர் ஒரு தடவை சொன்னார்.

பேரன் பிறந்த சந்தோஷத்தையும் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிய கொரேரா, இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நங்கூரம் அணியின் மற்ற ஆறு பேரும் கெட்டிச் சட்டைக்குள் புதுக்கருக்கு மாறாமல் நின்றார்கள். அப்போது செசிலி மாடி ஏறி வந்தார். பவுடர் இல்லை, பூ இல்லை, ஆனால் நடையில் ஒரு வேகம் இருந்தது.

"அண்ணே, நடுக்கோட்டைத் தாண்டி நிக்கையில மூச்சு விட்டா என்ன?" என்றார்.

"அவுட்டு" என்றார் கொரேரா.

"அவுட்டுன்னா செத்தா போயிட்டாவ? வெளிய உக்காந்திருக்காவ. கூட உள்ளவங்க எதிரில ஒரு ஆளை அவுட் ஆக்குனா, முதல்ல அவுட்டானவிய மறுபடி உள்ள வரலாம்லா? அதானே சட்டம்?"

கபடி பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. இத்தனை பெரிய சங்கம் வைத்து, எந்தச் சட்டை எந்த மழைக்குத் தாங்கும் என்று வருஷக்கணக்கில் பேசியதில், சட்டைக்குள் இருப்பவர்கள் ஆட்டக்காரர்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் மறந்தே போய்விட்டது.

"ஆட விடணும்ணே. சட்டையைக் கழத்திட்டு."

கொரேராவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடிக்கிற காற்றில், உப்பில், புழுதியில், வெயிலில், சட்டை இல்லாமல்! இத்தனை வருஷம் ரெஜினாவின் விரல்கூடப் படாமல் காப்பாற்றிய அட்டைகள். மூலை மழுங்கும், மை வெளுக்கும், வெறும் மண்ணில் கிடத்தினால் முதுகு சிராய்த்துப்போகும் என்று அவர் வரிசையாகச் சொன்னார். செசிலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார், மறுத்துப் பேசவில்லை, போகவும் இல்லை. கடைசியில் ரெஜினாதான் அடுக்களையிலிருந்து, "அவ புருஷனைக் கேக்கா. நீங்க அட்டையைச் சொல்லுதிய" என்றார். கொரேரா முதல் டேப்பை உரித்தார். அவர் கண்ணில் நீர் வந்ததை மாடிப்படியில் கூடியிருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அன்று யாரும் கேலி செய்யவில்லை, அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டோம்.

தேரிக்காட்டு அணி முழுதும் இசக்கிமுத்துவிடம் இருந்தது. செம்மண் பூமிக்காரர், தன் அணி என்றால் உயிர். அவருக்கு வேறொரு சங்கடம்.

"வேணும்னே தோத்துக் குடுக்கச் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் செசிலி உடனே. "எங்க அவியளுக்குத் தெரிஞ்சா என்னைய சும்மா விடமாட்டாவ. ஒழுங்கா ஆடட்டும்."

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆறு அட்டையும் அந்தப் பக்கம் ஏழு அட்டையும் மல்லாக்கக் கிடத்தினோம். ஆளில்லாத தொம்மை அட்டையை வெளிக்கோட்டுக்கு அப்பால், அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, செசிலி அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். ஆடிக் காற்று அட்டைகளைப் பறக்கடிக்கப் பார்த்தது. காலனியே மைதானத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றது, பெண்கள் சேலை முந்தானையை விரித்துப் பிடித்தார்கள், சுகாதார ஆய்வாளர்கூட வந்து வரிசையில் நின்று இசக்கிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். பங்குச் சாமியார் தன் வெள்ளை அங்கியையே ஒரு பக்கம் விரித்துக் காற்றை மறித்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரையிலிருந்து அந்த ரீங்காரம் எழுந்தது. கபடி கபடி கபடி. நனைந்த மண்ணிலிருந்து கால் வைத்தாற்போலப் பொட்டுப் பொட்டாகச் சேறு தெறித்தது, யாரையும் பார்க்க முடியவில்லை. கொரேராவின் முதல் அட்டை வெறும் மைதானம் ஆயிற்று. அடுத்து இன்னொன்று. மூன்றாவதும். தேரிக்காட்டுக்காரர்கள் ஒழுங்காக ஆடினார்கள், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகப்படியான ஒழுங்கோடு ஆடினார்கள். இசக்கிமுத்துவுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது, வெளியே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நான்காவது அட்டையும் வெறுமையானபோது கைகோத்து நின்ற வரிசையில் ஒரு விம்மல் ஓடியது. இன்னும் இரண்டு பேர். அவர்களும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது, தொம்மையை உள்ளே கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். செசிலி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் கொடுக்கிற பசுவிடம் பேசுவதுபோல மெதுவாக, "விட்டுராதிய. விட்டுராதிய" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்ன நடந்தது என்பதில் இன்றைக்கும் காலனியில் ஒத்த கருத்து இல்லை. தேரிக்காட்டுப் பாடகன் எல்லை தாண்டி வந்தபோது மீதியிருந்த இரண்டு பேரும் சேர்ந்து அவன் காலைப் பிடித்துச் சாய்த்தார்கள் என்கிறார் கொரேரா. தன் ஆள் சறுக்கி விழுந்தான், தெளித்த தண்ணீர் அதிகம் என்கிறார் இசக்கிமுத்து. மண்ணில் ஏதோ தடாலென்று விழுந்த சத்தத்தை எல்லோரும் கேட்டோம். தேரிக்காட்டு வரிசையில் நடுவில் இருந்த அட்டை வெறும் மைதானமாகிக் கிடந்தது. கைகோத்து நின்றவர்கள் ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டு மெல்லத் தலையைத் திருப்பி, வெளிக்கோட்டுப் பக்கம் பார்த்தோம்.

செசிலியின் முன்னால் கிடந்த அட்டையில், மடங்கிய மூலையின் ஓரமாக, முதலில் ஒரு குதிகால் தெரிந்தது. அப்புறம் முழங்கால். அப்புறம் குனிந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு, விலாவெல்லாம் ஏறி இறங்க, தலையெல்லாம் புழுதியாகத் தொம்மை நின்றார். பழைய படத்தில் பாய்ந்துகொண்டிருந்தவர் இப்போது கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம் நின்றார். மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதற்குச் சட்டை இல்லை, மூட்டம் படர்வதற்கு இடமில்லை. செசிலி அட்டையைத் தரையிலிருந்து எடுத்து, தன் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே, படாமல், ஒரு விரற்கடை தள்ளி வைத்துப் பிடித்தார். கையில் சூடாகப் பட்டது. அவர் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டம் ஆர்ப்பரித்ததில் கோத்திருந்த கைகள் விட்டுப்போய், காற்று புகுந்து, கொரேராவின் அட்டைகளில் ஒன்று பறந்தேபோனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனாலும் பழக்கம் போகுமா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்த கொரேரா, சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய சட்டையையும் ஒரு கெட்டிச் சட்டையையும் எடுத்து நீட்டி, "செசிலி, காத்து அடிக்குது. எதுல போட? சீக்கிரம் சொல்லு தாயீ" என்றார். பின்னாலேயே வந்த இசக்கிமுத்து, மெல்லியதுதான், மெல்லியதுதான் என்றார்.

செசிலி நிமிரவில்லை. உள்ளங்கையையும் எடுக்கவில்லை.

"இருங்கண்ணே" என்றார். "அவிய கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடட்டும்."